நித்யாவைத் தைரியமாக அனுப்பு

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. நித்யா ஒரு வருஷம் பிரான்சில் படிக்க விரும்புகிறாள் என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அமெரிக்காவில், ஒஹையோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை முன்பின் தெரியாத குடும்பத்தில் போய் இருக்க வேண்டுமே என்று நீ தவிப்பது புரிகிறது. போன வருஷம் மின்னசோட்டாவிலிருந்து வந்த 16 வயதுப் பெண் ஒருத்தி இங்கே பிரான்சில், லியோனில் எங்கள் வீட்டில் தங்கிப் படித்தாள். அதைப் பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அனுப்பு.

நீ சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறாய். அதில் கவலையே வேண்டாம். பள்ளி கேன்டீனிலேயே முதலில் சாலட், அப்புறம் சூடாக ஏதாவது, பிறகு சீஸோ தயிரோ, கடைசியில் பழம் என்று நிதானமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

என் கவலை மார்க்கைப் பற்றி. அங்கே எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கிப் பழகிய பிள்ளை அவள். இங்கே 20க்குத்தான் மதிப்பெண். 10 எடுத்தால் தேர்ச்சி, 14 நல்ல மார்க், 16 வந்தால் வீட்டில் கொண்டாட்டம். எங்களிடம் இருந்த பெண் வரலாற்றுக் கட்டுரைக்கு 11 வாங்கிக்கொண்டு வந்து சமையலறையில் நின்று அழுதாள். தாளை வாங்கிப் பார்த்தேன். ‘அமைப்பு தெளிவாக இல்லை, இரண்டாம் பகுதி மேலோட்டம்’ என்று சிவப்பு மையில் ஒரே வரி. என் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த டீச்சரிடம் 11 என்றால் பரவாயில்லையே" என்றான். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, டீச்சருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்தாள். வளரும் பிள்ளையிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? இத்தனை வருஷம் இங்கே இருந்தும் இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை, கலா. ஆனால் ஒரு கட்டுரையை அடுக்கடுக்காக வாதம் வைத்து எழுத அவள் கற்றுக்கொண்டதும் அதே டீச்சரிடம்தான்.

இன்னொன்று, இங்கே பள்ளி என்றால் படிப்பு மட்டும்தான். சாயங்காலம் ஐந்து, ஆறு மணி வரைகூட வகுப்பு இருக்கும். அங்கே மாதிரி பள்ளிக்கென்று பெரிய ஃபுட்பால் டீம், பேண்ட் எல்லாம் கிடையாது. விளையாட்டு, இசை எல்லாம் ஊரில் உள்ள கிளப்புகளில். வந்த முதல் வாரமே நித்யாவை ஏதாவது ஒரு கிளப்பில் சேரச் சொல். எங்களிடம் இருந்த பெண்ணுக்குச் சிநேகிதிகள் கிடைத்தது ஹேண்ட்பால் கிளப்பில்தான். வகுப்பில் கிறிஸ்துமஸ் வரை யாரும் அவளை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. இங்கே பழக நாளாகும், பழகிவிட்டால் விடமாட்டார்கள். இன்றைக்கும் அந்த ஹேண்ட்பால் பெண்கள் அவளோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வைன் பற்றியும் வீட்டிலேயே பேசிவிடு. அங்கே 21 வயது வரை கூடாது. இங்கே விசேஷ நாளில் பிள்ளைகளுக்கும் அரை கிளாஸ் ஊற்றுகிற குடும்பங்கள் உண்டு. வேண்டாம் என்றால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

இரவுச் சாப்பாடுதான் அவளுக்கு உண்மையான வகுப்பு. எட்டு மணிக்கு எல்லோரும் மேஜையில் இருக்க வேண்டும், போன் கூடாது. அந்தப் பெண் வந்த புதிதில் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போகப் பார்த்தாள். என் வீட்டுக்காரரைத்தான் உனக்குத் தெரியுமே, விவாதம் இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "உங்கள் பள்ளியில் கொடிக்கு உறுதிமொழி சொல்ல வைப்பது எதற்கு?" என்று ஒருநாள் ஆரம்பித்தார். அவள் முகம் சிவந்துவிட்டது. "இங்கே முக்காடு போட்ட பெண்ணை அரசுப் பள்ளிக்குள் விடாமல் 2004இல் சட்டம் போட்டீர்களே, அது மட்டும் எதற்கு?" என்று திருப்பிக் கேட்டாள். ஒரு மணி நேரம் ஓடியது. அவரைக் கோபப்படுத்திவிட்டோம் என்று பயந்துகொண்டே தூங்கப் போயிருக்கிறாள். மறுநாள் காலை அந்தச் சட்டத்தைப் பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரையை வெட்டி, அவள் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார் மனிதர். மார்ச் மாதத்தில் அவர் வாயைத் திறக்குமுன் அவளே குறுக்கே பேச ஆரம்பித்துவிட்டாள். எதிர்த்துப் பேசுகிறவர்கள் தன்னை மதித்துத்தான் பேசுகிறார்கள் என்பதை நித்யாவிடம் இப்போதே சொல்லி வை.

நித்யா விண்ணப்பிக்கப்போகும் ஏ.எஃப்.எஸ். அமைப்பு நம்பகமானதா என்று கேட்டிருந்தாய். முதல் உலகப் போரில் காயம்பட்ட பிரெஞ்சு வீரர்களை ஏற்றிச்செல்ல ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்களின் அமைப்பு அது. இரண்டு போர்களையும் நேரில் பார்த்தவர்கள், 1947இல் பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்பிப் படிக்கவைக்கத் தொடங்கினார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு.

விண்ணப்பம் போட்டதும் எழுது. எந்த ஊரில் குடும்பம் கிடைத்தாலும் சரி, அக்டோபர் கடைசியில் பள்ளிக்கு இரண்டு வாரம் விடுமுறை வரும். அந்தக் குடும்பமும் ஏ.எஃப்.எஸ்.காரர்களும் சம்மதித்தால் லியோனுக்கு ரயில் ஏற்றி விடட்டும், ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சுமதி