எட்டாம் தட்டுக்கு முன்னால்

அன்புள்ள மகனுக்கு,

சென்ற வாரம் தொலைபேசியில், "ஆடுவது போதாதென்று இப்போது மைக்கையும் பிடித்துவிட்டாயா அம்மா?" என்று கேட்டுச் சிரித்தாய். அடுப்பில் பால் இருந்ததால் அப்போது ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை.

பள்ளி நாட்களில் எங்களோடு நியூ ஹாம்ப்ஷயரின் நெல்சன் ஊர் மன்றத்துக்கு வந்து திங்கட்கிழமை இரவுகளில், ஜோடிகள் நீள வரிசைகளில் நின்று ஆடும் கான்ட்ரா நடனம் ஆடியவன் நீ. ஆனால் அடுத்த அசைவைச் சொல்லும் காலரின் குரல் எந்தக் கணத்தில் வருகிறது என்பதை வரிசையில் நின்ற நாம் இருவருமே கவனித்ததில்லை. ஒரு மெட்டு முழுவதும் 64 தட்டுகள், அரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரம். அசைவுகள் பெரும்பாலும் எட்டு எட்டுத் தட்டுகளாக அமைந்திருப்பதால், எட்டாவது தட்டு விழுவதற்குள் அடுத்த அசைவின் பெயரை நான் சொல்லி முடித்திருக்க வேண்டும்; அதாவது, கண் எதிரே ஒன்று நடந்துகொண்டிருக்க, வாய் அதற்கு அடுத்ததைச் சொல்ல வேண்டும். உன் காலத்தில் ஜென்ட்ஸ், லேடீஸ் என்றோம். இப்போது இடப்பக்கம் நிற்பவர் லார்க், வலப்பக்கம் நிற்பவர் ராபின். இடது, வலது என்பவற்றின் ஆங்கில முதலெழுத்தே பறவைகளின் பெயருக்கும் முதலெழுத்தாக இருப்பதால் புதியவர்களுக்கும் மறப்பதில்லை. எனக்குத்தான் இன்னும் பழைய சொல் வாயில் வந்துவிடுகிறது.

இதைக் கற்றுக்கொள்ள எங்கள் ஊரில் ஆறு பேர் மாதம் ஒருமுறை ஒரு வீட்டுச் சமையலறையில் கூடுகிறோம். உப்புக் குப்பியும் மிளகுக் குப்பியும் ஒரு ஜோடி, இரண்டு தேநீர்க் கோப்பைகள் எதிர் ஜோடி; அசைவுகளை வரிசையாக எழுதிய நடன அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அசைவுக்கும் அவற்றை மேசைமேல் நகர்த்தி, 64 தட்டு முடியும்போது இரு ஜோடிகளும் இடம் மாறி அடுத்த ஜோடியைச் சந்திக்கும் நிலைக்கு வந்துவிட்டனவா என்று பார்ப்போம். "நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டு நழுவுகிறவர் அங்கே ஒருவரும் இல்லை. "நவ் ஆல் ஆஃப் யூ ஸ்விங் யுவர் பார்ட்னர்" என்று நான் நீட்டி முழக்கியதை அவர்கள்தான் "பார்ட்னர் ஸ்விங்" என்று வெட்டிக் கொடுத்தார்கள். நெல்சனில் பிறந்து 1930களிலேயே இந்தப் பக்கத்து ஊர்களில் காலராக நின்ற ரால்ஃப் பேஜைப் பற்றிய கதைகளும் தேநீரோடு வரும்.

செப்டம்பரில், இடைவேளைக்குப் பிறகு, ஒரே ஒரு நடனத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள். வயலின்காரர் 'நாலு உருளைக்கிழங்கு' வாசித்தார் (மெட்டுக்கு முன்வரும் அந்த எட்டுத் தட்டுக்கு இங்கே அதுதான் பெயர்). மெட்டு ஒருமுறை முடிந்தால் ஒரு சுற்று; இரண்டு சுற்று நன்றாகவே போயிற்று. மூன்றாவதில், தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்துப் புன்னகைத்த நேரத்தில், ராபின்கள் கைமாறிக் கடக்க வேண்டிய அழைப்பு நான்கு தட்டு தாமதமாகிவிட்டது. மேடையை ஒட்டியிருந்தவர்கள் கடந்துவிட்டார்கள். கடைக்கோடியில் இருந்தவர்கள் கையை நீட்டியபடி நின்றார்கள். பியானோவுக்குப் பக்கத்தில் எனக்காகவே நின்றிருந்த மூத்த காலர் மைக்கைக் கேட்கவில்லை. உள்ளங்கையைத் தாழ்த்தித் தட்டுகளை மட்டும் எண்ணிக் காட்டினார். அவரவர் ஜோடியோடு சுழலும் இடம் வந்ததும் "பார்ட்னர் ஸ்விங்" என்றேன். சிதறியிருந்த வரிசை தானாகக் கூடிவிட்டது. தேர்ந்த காலர்கள் புதியவர்கள் நிறைந்த இரவில் அத்தகைய சுழற்சி உள்ள நடனமாகப் பார்த்து எடுப்பது ஏன் என்று அன்றுதான் புரிந்தது.

ஆனால் பிறகு சமையலறை மேசையைச் சுற்றி எங்கள் குழுவினர் சுட்டிக்காட்டிய குறை அந்தத் தடுமாற்றம் அல்ல. நான்கைந்து சுற்றுக்குள் ஆடுபவர்களுக்கு எல்லாம் உடம்பில் ஏறிவிடும். அதன்பின் காலர் சொற்களைக் குறைத்து, பிறகு வாயை மூடி, அவர்களை இசையிடம் விட்டுவிட வேண்டும். நானோ கடைசிச் சுற்றுவரை பேசிக்கொண்டே இருந்தேனாம். "வீட்டிலும் அதே கதைதானே" என்றார் உன் அப்பா, அதை விடு.

வரும் மாதம் இரண்டு நடனங்கள் கொடுத்திருக்கிறார்கள். அட்டைகளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நீ 64 வரை எண்ணு, நான் அழைக்கிறேன். ஐந்தாவது சுற்றில் நான் வாயைத் திறந்தால் ஃபோனை வைத்துவிடு.

அன்புடன்,
அம்மா