பீரோ சாவி யார் கையில்? பர்மா தமிழ்ச் சபைகளின் மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள போதகர் ஐயாமாருக்கும், மூப்பர்களுக்கும், சபைக் கமிட்டியில் இருக்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

ரங்கூனில் ஒரு சிறிய தமிழ்ச் சபையில் 26 வருஷமாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவள் நான். ஏப்ரல் நெருங்குகிறது. தண்ணீர்த் திருவிழா விடுமுறையில் வாலிபர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி முகாம் வைக்கலாமா, யாரைப் பேச அழைக்கலாம் என்ற பேச்சு பல சபைகளில் தொடங்கியிருக்கும். முடிவு எடுப்பதற்கு முன்னால் நான் கண்ணால் பார்த்த சிலவற்றை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் சபையிலிருந்து 19 வயதுப் பையன் ஒருவனை அப்படி ஒரு பயிற்சிக்கு அனுப்பினோம். மூன்று நாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஃபைலும், பிளாஸ்டிக் உறையில் ஒரு சான்றிதழும் இருந்தன. ஃபைலை வாங்கிப் பார்த்தேன். தலைவனுக்கு வேண்டிய குணங்கள், நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது, கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்று நல்ல விஷயங்கள்தான். கடைசித் தாளின் பின்பக்கத்தில் அவனே பென்சிலால் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தான். எங்கள் சபையில் வீட்டை விட்டு வெளியே வர முடியாத பெரியவர்கள் ஏழு பேருடைய பெயர், அவர்கள் இருக்கிற தெரு, அங்கே போக எந்த பஸ் என்று எல்லாம் அதில் இருந்தது. சனிக்கிழமை தோறும் இரண்டு இரண்டு பேராகப் போய் ஜெபம் செய்துவிட்டு வரலாம், மருந்து வாங்கிக் கொடுக்கலாம், அனுமதி தாருங்கள் என்று கமிட்டியில் வந்து நின்றான்.

"பார்க்கலாம் தம்பி, கிறிஸ்துமஸ் முடியட்டும்" என்று சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்கு அவனை நாற்காலி போடச் சொன்னார்கள். ஈஸ்டருக்கும் நாற்காலிதான். அடுத்த வருஷம் அவன் வேலை தேடி மலேசியா போய்விட்டான். அந்த ஏழு பெரியவர்களில் மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை. ஒருவருடைய அடக்க ஆராதனையில்தான் அந்தப் பட்டியல் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குக் கமிட்டியில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பாரம் இன்னும் இறங்கவில்லை.

பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. பயிற்சி முடித்து வருகிற பிள்ளைக்கு நம்மிடம் வேலை இருக்கிறதா என்று கேட்கிறேன். நாற்காலி போடுவதும் ஊழியம்தான். ஆனால் எதையும் முடிவு செய்யாமல் முடிவெடுக்கப் பழக யாராலும் முடியாது. எங்கள் சபையில் ஒரு இரும்பு பீரோ இருக்கிறது. வேதாகமங்கள், பாட்டுப் புத்தகங்கள், மைக், தருமப் பணப் பெட்டி எல்லாம் அதற்குள்ளே. சாவி ஒன்றே ஒன்று, செயலாளர் இடுப்பில். வாலிபர் கூட்டத்துக்கு மைக் வேண்டுமானால் அவர் வரும்வரை வாசலில் நிற்க வேண்டும். தங்கமான மனுஷர் அவர், தன் கைக்காசு போட்டுச் சபையைக் காப்பாற்றுகிறவர். ஆனாலும் அந்தச் சாவி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற செய்தியை எந்த முகாமும் மாற்ற முடியாது.

உங்களுடைய இளமைக் காலத்தை நினைத்துப் பாருங்கள். உங்களில் பலருக்கு இப்போது நாற்பது, நாற்பத்தைந்து வயது. 2008 மே மாதம் நர்கீஸ் புயல் அடித்தபோது உங்களுக்கு என்ன வயது? செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 1,38,000 பேர். ஐராவதி டெல்டாவில் கிராமம் கிராமமாகத் தண்ணீர் வாரிக்கொண்டு போயிருந்தது. எங்கள் சபையிலிருந்து லபுட்டா பக்கம் அரிசி மூட்டையோடு படகில் போனவர்களில் யாருக்கும் 25 வயதுகூட ஆகவில்லை. யாருக்கு எத்தனை படி, எந்தக் கிராமத்துக்கு முதலில் என்று படகிலேயே முடிவு செய்தார்கள். அவர்களில் இரண்டு பேர் இன்றைக்கு எங்கள் கமிட்டியில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது அந்தப் படகு.

அதற்கும் முன்னால் போனால் என் அப்பாவின் காலம். 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, கையில் இருந்த 50, 100 கியாட் நோட்டும் செல்லாமல் போனது. கப்பல் கப்பலாக நம் ஜனங்கள் மெட்ராசுக்குப் போனார்கள். 1966-ல் வெளிநாட்டு மிஷனரிகளையும் அனுப்பிவிட்டார்கள். எங்கள் கோயிலில் பெஞ்சுகள் காலி. அப்பாவுக்கு அப்போது 21 வயது, ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வேதத்தைச் சத்தமாக வாசிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் மிஞ்சவில்லை என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை மேடைக்கு ஏற்றினார்கள். கால் நடுங்கியது, பிரசங்கம் நான்கு நிமிஷத்தில் முடிந்துவிட்டது என்று கடைசிவரை சொல்லுவார். பிறகு 31 வருஷம் அந்தச் சபையைத் தாங்கினார்.

இந்த மண்ணுக்குச் சுவிசேஷம் வந்ததே சின்ன வயதுக்காரர்கள் மூலமாகத்தான். 1813 ஜூலையில் ரங்கூனில் வந்து இறங்கிய அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனுக்கு 24 வயது, மனைவி ஆனுக்கு 23. அவரைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! அதே 24 வயதில் ஒரு பையன் இன்று நம் கமிட்டிக்கு வந்து "ஐயா, எனக்கு ஒரு யோசனை" என்றால் நாம் என்ன சொல்லுவோம்?

இப்போது காலம் இன்னும் நெருக்கமாக இருக்கிறது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. நாம் எந்த வயதை வாலிபர் என்று சொல்லுகிறோமோ ஏறக்குறைய அதே வயது. அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர் பாங்காக், கோலாலம்பூர் என்று கிளம்பிவிடுகிறார்கள். கித்தார் வாசித்தவன் போனான், பாட்டு சொல்லிக் கொடுத்தவள் போனாள். போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் சொந்தப் பிள்ளையும் வெளியேதான் இருக்கிறான். ஆகையால் கெட்டிக்காரன் ஒருவனைப் பொறுக்கி எடுத்து அவனைத் தலைவனாக்குவது இந்த ஊருக்கு இனி ஒத்துவராது. அவன் போன மறுநாள் எல்லாம் நின்றுவிடும். 14, 15 வயதிலேயே தொடங்க வேண்டும், ஒருவருக்குப் பதில் பத்துப் பேரைப் பழக்க வேண்டும், ஒவ்வொருவரும் தனக்குக் கீழே இரண்டு பேரைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்னதும் இதுதானே: என்னிடம் கேட்டதை உண்மையுள்ள மனுஷரிடம் ஒப்புவி, அவர்கள் மற்றவர்களுக்குப் போதிக்கட்டும் என்றார்.

அடுத்தது மொழி. இதைச் சொன்னால் சிலருக்கு மனம் நோகும் என்று தெரியும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

"இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, எப்படிச் சபையில் பொறுப்பு கொடுப்பது?" என்று கேட்கிறோம். அவர்கள் பர்மியப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. எங்கள் வகுப்பில் 16 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். போன மழைக்காலத்தில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு பாட்டியைப் பார்க்க அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கரண்ட் இல்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தாள். உள்ளே வட்ட வட்டமாகப் பர்மிய எழுத்து. வாசிக்கத் தொடங்கினால் வருவது தமிழ்! இருபத்துமூன்றாம் சங்கீதம் முழுவதையும் அவளுடைய அம்மா சொல்லச் சொல்லப் பர்மிய எழுத்தில் எழுதி எடுத்து வந்திருந்தாள். அந்த எழுத்தில் ழகரத்துக்கு வழியில்லை. "நான் தாச்சியடையேன்" என்று வாசித்தாள். பேச்சே குறைந்துபோயிருந்த பாட்டி கண்ணைத் திறந்து, "தாழ்ச்சி... நாக்கை மடக்கு கண்ணு" என்றார்கள். அவள் நாக்கை மடக்கி மடக்கிச் சொல்லிப் பார்க்க, பாட்டி சரியாக வரும்வரை விடவில்லை. வெளியே வந்ததும், "சயாமா (டீச்சர்), அடுத்த வாரமும் வரலாமா?" என்று கேட்டாள். இந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது என்று நான் எப்படிச் சொல்லுவேன்?

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை நாம் பந்தி விசாரணைக்காரரை நியமித்த கதையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். அங்கே பிரச்சினை எங்கே தொடங்கியது என்று பாருங்கள். கிரேக்கு மொழி பேசுகிறவர்களின் விதவைகள் அன்றாட உணவு விசாரணையில் விடுபட்டுப் போனார்கள். சபைக்குள்ளேயே மொழியால் வந்த மனத்தாங்கல் அது. அப்போஸ்தலர்கள் "முதலில் எங்கள் மொழியைக் கற்றுக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே வேலையைக் கொடுத்தது எருசலேம் சபை. அந்த ஏழு பேரில் ஒருவர்தான் முதல் இரத்த சாட்சி, இன்னொருவர் சமாரியாவுக்கும் எத்தியோப்பியனுக்கும் சுவிசேஷத்தைக் கொண்டுபோனவர்.

நானும் தமிழ் எழுத்து வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், வாழ்நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கியதும் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். எழுத்துத் தெரியாது என்று அவர் ஊழியத்தைத் தள்ளிப் போடவும் இல்லை, எழுத்தைக் கற்காமல் விடவும் இல்லை. நம் பிள்ளைகளுக்கும் இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். பயிற்சியைப் பர்மியமும் தமிழும் கலந்து நடத்துங்கள், அவர்கள் வீட்டில் பேசுகிற மாதிரி. ஜெபத்தை அவர்கள் பர்மியத்தில் ஏறெடுத்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். மூன்று நாள் தங்கும் முகாமை இந்த வருஷம் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். இரவு தங்குகிறவர்களின் பெயரை வார்டு அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய காலத்தில் பெற்றோருக்கும் நிம்மதி இல்லை, நமக்கும் இல்லை. அந்தப் பணத்தில் பத்துச் சனிக்கிழமை மதியம் வைக்கலாம், இருட்டுவதற்குள் எல்லாரும் வீடு போய்ச் சேரலாம். ஒரு வாரம் ஒரு மணி நேரம் படிப்பு, அடுத்த வாரம் அதையே செய்ய வெளியே போவது. ஒரு மூப்பர், இரண்டு பிள்ளைகள் என்று ஆறு மாதத்துக்குச் சேர்த்துவிடுங்கள். வீடு சந்திக்கப் போகும்போதும், வியாதிக்காரரைப் பார்க்கும்போதும், சண்டை போட்ட இரண்டு குடும்பத்தைச் சமாதானம் செய்யும்போதும் அவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். எந்தப் பிள்ளையையும், முக்கியமாகப் பெண் பிள்ளையை, எங்கேயும் தனியாக அனுப்பாதீர்கள். இருவர் இருவராகப் போக வேண்டும், வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதில் மட்டும் தளர்வு கூடாது.

பாப்டிஸ்ட் பக்கம் வாலிபர் சங்கத்தைச் சி.ஈ. (கிறிஸ்டியன் எண்டெவர்) என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது புதிது இல்லை. 1881 பிப்ரவரியில் அமெரிக்காவில் போர்ட்லாந்து ஊரில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் அந்தக் கிறிஸ்தவ முயற்சி சங்கத்தைத் தொடங்கியபோது, கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொரு வாலிபனும் பாடுவது போக வேறு ஏதாவது ஒரு பங்கு எடுத்தே ஆக வேண்டும் என்று வைத்தார். வாலிபர்கள் சும்மா உட்கார்ந்து கேட்கிற கூட்டமாக அது இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். பெயரை வைத்துக்கொண்டு அந்த எண்ணத்தை நாம் எங்கேயோ தவறவிட்டோம்.

பணத்தைப் பற்றி உங்களுக்கு இருக்கிற பயமும் எனக்குத் தெரியும். 2025 மார்ச் 28-ம் தேதி மாண்டலே, சகாயிங் பக்கம் பூகம்பம் வந்ததே, அப்போது எங்கள் வாலிபர்கள் வீடு வீடாகப் போய்ப் பணமும் துணியும் சேர்த்தார்கள். கணக்கு எழுதியது 19 வயதுப் பெண். கொடுத்தவர் பெயர், தொகை, லாரி வாடகை, தண்ணீர்ப் பாட்டில், கயிறு வாங்கிய செலவு வரை தேதி போட்டு எழுதி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக்கு முன்னால் நின்று வாசித்தாள். குரல் முதலில் கம்மியது, இரண்டாம் பக்கத்தில் தெளிந்துவிட்டது. ஒரு கியாட்கூடப் பிசகவில்லை. அந்த நோட்டு இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? பீரோவுக்குள்ளே. சாவி அவளிடம் இல்லை.

கமிட்டியில் 25 வயதுக்குக் கீழே இரண்டு பேருக்கு இடம் கொடுங்கள், ஓட்டும் கொடுங்கள். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மாதம் ஒரு ஞாயிறு வாசிப்பும் ஜெபமும் பிரசங்கமும் அவர்களிடம் இருக்கட்டும், நான்கு நிமிஷத்தில் முடிந்தாலும் பரவாயில்லை. ஒரு சிறு தொகையை அவர்கள் கையில் விட்டு, மாதக் கடைசியில் கணக்கு கேளுங்கள். அப்புறம் அந்தப் பீரோவுக்கு இன்னொரு சாவி செய்யுங்கள். செய்கிற செலவை நான் தருகிறேன்.

அந்தப் பையன் எழுதிய பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது. ஏழு பெயரில் நான்கு பேர் இன்னும் காத்திருக்கிறார்கள், புதிதாக ஐந்து பெயர் சேர்ந்திருக்கிறது. வருகிற மாதம் முதல் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டு மாடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து யார் யார் வீட்டுக்கு யார் போவது என்று பிரிக்கப் போகிறோம். உங்களில் ஒருவராவது வந்து கூட உட்காருங்கள். கரண்ட் இருக்காது, ஜன்னல் பெரியது.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை,
ரங்கூன்