கன்னு தின்ன ஆரம்பிச்சிடுச்சி டீ

ஏய் நெட்டச்சி,

மொதல்ல திட்டி முடிச்சிடு, அப்பறம் படி. உங்கம்மா காரியத்துக்கு வரல, போனும் பண்ணல, ரெண்டு மாசம் ஆச்சி. உன் மெசேஜப் பாப்பேன், ரெண்டு வரி அடிப்பேன், அழிச்சிடுவேன். இங்க எல்லாரும் நல்லாருக்கோம், அவருக்கு முட்டிவலி, பெரியவன் கடலூர்லயே வேலைக்குச் சேந்துட்டான், நியூஸ் முடிஞ்சிது.

பதினாறாம் நாள் காலைல பண்ருட்டி பஸ் புடிக்கணும்னு பொடவ எல்லாம் எடுத்து வச்சிட்டேன்டி, விடியக்காலம் மூணு மணிக்கு எங்க செவல மாடு கன்னு போட்டுடுச்சி. கிடேரி. போன வருசம் போட்ட கன்னு இருவது நாள்ல வயிறு உப்பி, கழிஞ்சே செத்துது, உங்கிட்ட சொல்லல, ஏன்னா தப்பு எங்களோடது. அவரு பாதிப் பால சொசைட்டிக்கு ஊத்திட்டாரு, அத்த கழுநித்தண்ணில பழைய சோத்தக் கரைச்சி ஊத்துனாங்க, நானும் பாத்துக்கிட்டுதான் நின்னேன். அதான் இந்தத் தடவ விட்டுட்டு வர மனசு வரல.

பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடுத்துட்டேன். அப்பறம் ஒரு டாக்டர் பொண்ணு வந்துது, குரும்பாபேட் வெட்னரி காலேஜ்ல படிச்சதாம், நம்ம கணக்கு டீச்சர் மாதிரியே அதட்டும். அது சொன்னதுலேந்து எனக்கு இதே நெனப்புதான். மாட்டு வயித்துல நாலு அற இருக்காம், கன்னு குடிக்கிற பால் பெரிய வயித்துக்குப் போறதே இல்லயாம்டி, சப்பும்போது உள்ள ஒரு வாய்க்கா மாதிரி மடிஞ்சிக்கிட்டு நேரா நாலாவது வயித்துல போய் விழுமாம். தானியம் பெரிய வயித்துல போய் புளிச்சாதான் அதோட உள்சுவத்துல பூத்துண்டு மாதிரி மொட்டு மொட்டா வருமாம். வெறும் வைக்கலப் போட்டா வயிறு மட்டும் தொங்கும், நாமளும் கன்னு நல்லா தேறிடுச்சின்னு சந்தோசப்படுவோம். தண்ணியும் நாலாம் நாள்லேந்தே தனியா வைக்கணும். பால்தான் குடிக்குதே, தண்ணி எதுக்குன்னே முப்பது வருசம் ஓட்டிட்டேன் பாரு.

தீவனம் நானே கலக்குறேன். பத்து கிலோவுக்கு ஒடச்ச மக்காச்சோளம் அஞ்சு, மல்லாட்ட புண்ணாக்கு மூணு, கோதும தவுடு ஒண்ணேமுக்கா, தாது உப்பு எரநூறு கிராம், கல்லுப்பு அம்பது கிராம். மாவா அரைக்கக் கூடாது, நொய் மாதிரி இருக்கணும். யூரியா கலந்த பெரிய மாட்டுத் தீவனம் கிட்டவே போகக்கூடாதாம்.

ஆனா இந்த மகராணி திங்கணுமே! பொறந்த ஒரு வாரத்துலேந்து வைக்கிறேன், மூந்து பாத்துட்டு போயிடும், தெனம் மிஞ்சுனதக் கொட்டிட்டு புதுசு வைக்கிறது, அத்த "அரிசிக்கே வழியில்ல, கன்னுக்கு விருந்தா"ன்னு மொணமொணப்பு. அப்பதான் உங்கம்மா ஞாபகம் வந்துது. பால் குடிச்ச வாயோட, அந்த சப்புற ஆச அடங்கறதுக்குள்ள, வெரல உள்ள வுட்டு தவுட்ட நாக்குல தேச்சி விடுவாங்களே, உங்க வீட்டு கொட்டாய்ல நாம ரெண்டு பேரும் அதப் பாத்து "அய்ய"ன்னு ஓடுவோமே. அப்படியே பண்ணேன். மூணாம் நாள் அதுவா வாய வச்சிது. உக்காந்து அழுதுட்டேன்டி. காரியத்துல அழ வேண்டியத கொட்டாய்ல அழுதேன்னு வச்சிக்கோ.

ஒரு மாசம் ஆனதுமே அவரு "பால நிறுத்து, நிறுத்து"ன்னாரு. நாள் கணக்கு இல்ல, தீவனக் கணக்குன்னு சொல்லிட்டேன். மூணு நாள் சேந்தாப்புல ஒரு கிலோ தின்னாதான் நிறுத்துவேன்னேன், மூணு நாள் பேச்சே இல்ல, நிம்மதியா இருந்துது.

இன்னிக்கு மூணாவது நாள், தொட்டி காலி. படுத்து அசையும் போடுது. நாளைலேந்து பால கொறைக்கணும், கத்தும், ராத்திரி தூக்கம் இல்ல.

அடுத்த ஞாயித்துக்கெழம வரேன். அம்மா போட்டோவுக்கு மால வாங்கிட்டு வரேன், நீ ஒண்ணும் சமைக்காத, உன் கொழம்பு எனக்குத் தெரியும். அந்த வெங்கல கழுத்துமணி பரண்ல இருந்தா தொடச்சி வை, எல்லாத்தையும் மாதிரி அதையும் பழைய சாமானுக்குப் போட்டுடாத.

உன்
பொட்டலம்