கொட்டகைக் கூரையின் குறுக்குச் சட்டம் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

தென்மேற்குப் பருவமழைக்கு முன் விறகுக் கொட்டகைக்கும் உர அறைக்கும் பிக்கப் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் கூரை போடச் சொல்லி வருவோரில் பலர், சுவருக்குச் சுவர் போகும் குறுக்குச் சட்டம் தலையில் இடிக்கிறது, மூட்டை அடுக்க இடைஞ்சலாக இருக்கிறது, ஆகவே அதை விட்டுவிடுங்கள் என்று கேட்கிறார்கள். அதை நாங்கள் மறுப்பதற்கான காரணத்தையும், இடம் தேவைப்படுவோருக்கு உள்ள வழியையும் இம்மடலில் தெரிவிக்கிறோம்.

இருபுறச் சரிவுக் கூரையில் எதிரெதிர்க் கைமரங்கள் (கூரையைத் தாங்கும் சாய்வு மரங்கள்) முகட்டில், அதாவது கூரையின் உச்சியில், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதால், பாரம் நேராகக் கீழிறங்குவதோடு நில்லாமல் அவற்றின் அடிகளை வெளிப்பக்கம் தள்ளவும் செய்கிறது. 10 அடி அகலக் கொட்டகையில் சுவர்த் தலையிலிருந்து முகடு 2½ அடி உயர்ந்தால், ஒரு ஜோடிக் கைமரம் சுமக்கும் பாரத்தில் பாதியளவு உதைப்பு இரு பக்கமும் விழும். செலவைக் குறைக்க அந்த உயரத்தை 1¼ அடியாக்கினால் உதைப்பு இரு மடங்காகிவிடும். ஹாலோ பிளாக் சுவர் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும். பக்கவாட்டு உதைப்பைத் தாங்காது. குறுக்குச் சட்டம் இரட்டை ஏணியின் கால்கள் அகலாமல் கட்டும் கயிற்றின் வேலையைச் செய்கிறது. அது இல்லாவிட்டால் முகடு தொய்ந்து, சுவரின் தலை வெளியே சாயும்.

கைமரத்தைத் தடிப்பாக்கினால் போதாதா என்றும் கேட்கிறார்கள். தடித்த மரம் குறைவாக வளையும், ஆனால் அதன் அடி நழுவுவதைத் தடுக்காது. முகட்டுப் பலகையும் கைமரங்களை வரிசையாக நிறுத்துவதற்கு மட்டுமே.

சட்டத்தைச் சற்று மேலே ஏற்றிக் கொடுக்கிறோம், ஆனால் முகட்டு உயரத்தில் கீழ் மூன்றிலொரு பங்குக்கு மேல் அல்ல. அந்த இடத்திலேயே அதன்மேல் விழும் இழுப்பு ஒன்றரை மடங்காகிவிடுவதோடு, இணைப்புக்குக் கீழே உள்ள கைமரமும் வளையத் தொடங்குவதால், அங்கே ஆணிக்குப் பதிலாகப் போல்ட் போடுகிறோம்.

முழுவதும் திறந்த கூரைதான் வேண்டுமெனில், முகட்டில் பலகைக்குப் பதிலாக உத்திரம் வைத்து, அதன் இரு முனைகளையும் அஸ்திவாரம் வரை இறங்கும் தூண்களில் நிறுத்த வேண்டும். அப்போது கைமரங்களின் மேல்முனையை உத்திரமே சுமப்பதால் சுவருக்கு உதைப்பு வராது. செலவு கூடுதல்தான், வண்டி நிறுத்தும் கொட்டகைக்கு அது தகும், விறகுக் கொட்டகைக்குத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

கைமரத்தின் அடியில் வெட்டும் காடியையும் (பள்ளத்தையும்) குறிப்பிட வேண்டும். சுவரின் தலைமேல் கிடத்தும் சுவர்க்கட்டையில் நன்றாக உட்காரட்டும் என்று ஆழமாக வெட்டச் சொல்பவர்கள் உண்டு. காடியின் ஆழம் கைமரக் குறுக்குவெட்டின் உயரத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டினால், சுவருக்கு வெளியே நீளும் இறவாரப் பகுதி பலமிழக்கும். கைமரத்தின் நீளத்துக்கு, மேலே சொன்ன 10 அடி அகலம், 2½ அடி உயரம் உள்ள கொட்டகையில் சுவரின் வெளிவிளிம்பிலிருந்து முகட்டு நடு வரை சரிவாக அளந்தால் 5 அடி 7 அங்குலம் வரும். அதில் முகட்டுப் பலகைத் தடிப்பில் பாதிக்கு உரியதைக் கழித்து, இறவாரத்தைச் சேர்த்து, ஒரே கைமரத்தை மாதிரியாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்தே குறிக்கிறோம். தகரக் கூரை எடை குறைந்தது என்பதால் காற்று அதைத் தூக்கப் பார்க்கும். ஒவ்வொரு கைமரத்தையும் சுவர்க்கட்டையோடு இரும்புப் பட்டையால் பிணைப்பது அதற்காகவே.

சொந்தத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தைக் கொண்டுவருவோர், 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதிகள் (மரங்கள் பாதுகாப்பு) சட்டப்படி வெட்டுவதற்குப் பெற்ற அனுமதியின் நகலையும் கொண்டுவர வேண்டுகிறோம். பச்சை மரத்தைக் கூரைக்கு ஏற்பதில்லை.

கொட்டகையின் உள் அகலம், சுவர்த் தடிப்பு, உள்ளே நிற்க வேண்டிய வண்டி அல்லது மூட்டை அடுக்கின் உயரம் ஆகியவற்றை அளந்து அனுப்பினால், குறுக்குச் சட்டம் எந்த உயரத்தில் வரும் என்பதை வரைந்து காட்டிய பிறகே மரம் அறுக்கத் தொடங்குவோம்.

இப்படிக்கு,
மரவேலைப் பட்டறையினர்,
கோத்தகிரி