கப்பல் சரி, கரை?

ஐயா, நாகப்பட்டினம் - காங்கேசன்துறை (இலங்கை) பயணியர் கப்பல் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். 2023 அக்டோபர் 14-இல் தொடங்கி, சில நாள்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மீண்டும் புறப்பட்ட சேவை இது. எத்தனை பேர் போனார்கள், வந்தார்கள் என்ற கணக்கை வைத்தே இதன் தரத்தைப் பேசுகிறோம். ஆனால் கடலில் இருப்பது சுமார் நான்கு மணி நேரம்தான். ஆளைக் களைப்படையச் செய்வது கரையில் நடப்பவை. குடியேற்றம், சுங்கம், பெட்டிச் சோதனை, அப்புறம் மழைக்காலத்தில் கப்பல் ரத்தானால் அந்தத் தகவல் நமக்கு எப்போது வருகிறது என்பது.

வேறோர் ஊரின் படகுத்துறையில் ஒருமுறை வயதான அம்மாவோடு இரண்டு மணி நேரம் நின்றேன். காற்று அதிகம், படகு கிடையாது என்று சொல்ல ஆளில்லை. கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். (அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அங்கே இருந்ததே அவர் ஒருவர்தான்.) எனவே, துறைமுக வாயிலில் நுழைவதிலிருந்து கப்பலில் ஏறும் வரை ஆகும் நேரத்தை அளந்து மாதந்தோறும் வெளியிடலாம். ரத்துத் தகவல் முந்தைய நாள் மாலைக்குள் குறுஞ்செய்தியாக வர வேண்டும். இறங்கும் பயணிகளிடம் தமிழிலும் சிங்களத்திலும் நாலு கேள்வி கேட்டு எழுதி வாங்கலாம்.

- ஒரு வாசகர், திருவாரூர்