சக்கையின் ஈரத்தையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். கரும்பிலிருந்து எத்தனால் எவ்வளவு கிடைக்கிறது என்பதோடு, அதை வடிக்க எவ்வளவு நீராவி செலவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு டன் கரும்பை அரைத்தால் சுமார் 300 கிலோ சக்கை மிஞ்சும். அதை எரித்துத்தான் சர்க்கரை ஆலைகள் இந்த நீராவியை எடுக்கின்றன. ஆனால் சக்கையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான். கொதிகலனில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே கணிசமான சூடு போய்விடுகிறது.

எங்கள் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவர்கள் சக்கையை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுப்பில் தள்ளுவார்கள். மழையில் நனைந்த சக்கை என்றால் புகைதான் வரும், பாகு பதத்துக்கு வர வெகுநேரமாகும், கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆலைகளுக்கு வெயில்கூட வேண்டாம், புகைபோக்கி வழியே வீணாகும் சூட்டிலேயே உலர்த்தலாம். எத்தனால் உற்பத்திக்கு வட்டி மானியம் தரும் மத்திய அரசு, இந்த உலர்த்தும் அமைப்பை அதற்கு நிபந்தனையாக்க வேண்டும்.

- வாசகர், புளியங்குடி