செயலாளர் ஆண்டறிக்கை: மூன்று முறை கூடாத பேரவை, முடிவாகாத 3-வது பிரிவு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னாள் மாணவர்களே, சகோதரர்களே, வணக்கம்.

நம் யூத மாணவர் சங்க வீட்டின் வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா விருந்து நடந்தது. கூடாரப் பண்டிகைக்குச் சுக்கா என்ற குடிலைக் கட்டினோம், இரண்டாம் நாள் காற்றில் சாய்ந்தது, மறுபடி கட்டினோம். ஹனுக்கா, பூரிம் பண்டிகைகள் இரண்டும் நல்லபடியாக முடிந்தன. பஸ்கா இரவு விருந்தான செடரை, வளாகத்தின் யூத மாணவர் மையமான ஹில்லெலோடு சேர்ந்து நடத்தினோம். ரத்ததான முகாம் ஒன்று.

இனி இந்த வருஷம் என் நேரத்தை எல்லாம் எடுத்துக்கொண்ட விஷயம். புது உறுப்பினர்களைத் தேடும் செப்டம்பர் ரஷ் வாரத்தில் முதலாண்டுப் பையன் ஒருவன் வந்தான். அப்பா யூதர், அம்மா கத்தோலிக்கர். சபாத் ஓய்வுநாள் ஆசிக்குத் திராட்சரசம் ஊற்றும் தாத்தாவின் கிடூஷ் கிண்ணத்தை விடுதி அறையில் வைத்திருப்பதாகச் சொல்லி போனில் படம் காட்டினான். விளிம்பில் ஒரு நசுங்கல், அதைத் தட்டி நிமிர்த்தவே கூடாது என்று பாட்டி சொல்லியிருக்கிறாராம். அதற்குள் நம் சகோதரர் ஒருவர் வந்து கை குலுக்கினார். கேட்ட முதல் கேள்வியே ‘அம்மா யூதரா?’ என்பதுதான். இல்லை என்றான். ‘ஓ, சரி’ என்று இவர் அடுத்த பையனிடம் போய்விட்டார். பாதி பேகல் ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு அவன் கிளம்பினான், நான் வாசல் வரை கூடப் போனேன். போகும்போது கதவு நிலையில் வேத வசனச் சுருளோடு இருக்கும் மெசூசாவைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டு போனான்.

அன்றிரவே சங்க விதிகளான பைலாவை எடுத்துப் பார்த்தேன். 3-வது பிரிவு ‘யூத மாணவர்கள்’ என்று மட்டும் சொல்கிறது, யார் யூதர் என்று சொல்லவில்லை. யூத மதச் சட்டமான ஹலாக்கா தாய் வழியைப் பார்க்கிறது. அமெரிக்காவின் சீர்திருத்த யூத இயக்கத்து மதகுருக்களான ரப்பைகள் 1983-ல், யூதராகவே வளர்க்கப்பட்ட பிள்ளைக்குத் தந்தை வழியும் போதும் என்று தீர்மானம் போட்டார்கள், ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் பிரிவினர் இன்றுவரை அதை ஏற்கவில்லை. ரப்பைகளுக்குள்ளேயே முடியாத வழக்கை இருபது வயதில் நாம் கையில் தட்டோடு நின்று தீர்த்துவைக்கிறோம், அதுவும் வீட்டுக்கு வந்த பையனிடம்.

நம் போன்ற சங்கங்கள் எப்படி வந்தன என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1913-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மாஸ்கோவிட்ஸை ஃபிரடர்னிட்டி என்ற மாணவர் சகோதரச் சங்கம் ஒன்று அழைத்தது. என் யூத நண்பர்களும் வரலாமா என்று கேட்டார், அழைப்பு உனக்கு மட்டும்தான் என்று பதில் வந்தது. அவர் போகவில்லை. பதினொரு பேராகச் சேர்ந்து ஆல்ஃபா எப்சிலான் பையைத் தொடங்கினார்கள். அது இன்றும் தன்னை யூதச் சங்கம் என்றே சொல்லிக்கொள்கிறது, ஆனால் அதன் நோக்கத்தை ஏற்கிறவர் யாரும் சேரலாம். யூதச் சங்கங்களாகத் தொடங்கிய சிக்மா ஆல்ஃபா மியூ 1953-லும் ஸீட்டா பீட்டா டவ் 1954-லும் மத நிபந்தனையையே எடுத்துவிட்டன. எந்தத் தேசியச் சங்கத்தோடும் இணையாத உள்ளூர்ச் சங்கம் நாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

என் தீர்மானம் இதுதான்: ‘இந்த வீட்டில் யூத வாழ்வை நடத்திப்போகக் கைகொடுக்கும் எந்த மாணவரும் உறுப்பினர்.’ சபாத்தும், இறைச்சியையும் பாலையும் கலக்காத கோஷர் சமையலறையும் அப்படியே இருக்கும், அதில் ஒரு எழுத்தைக் கூட நான் தொடவில்லை.

எதிர்க்கிறவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. வளாகங்களில் மெசூசாவைப் பிடுங்கிப் போடும் செய்தி வருகிற காலம், உள்ளே இருப்பவர்கள் எல்லாம் நம்மவர் என்ற நிம்மதியை யாரும் லேசில் விட மாட்டார்கள். ஆனால் சமையலறைக்கு ஒரு முறை வந்து பாருங்கள். இறைச்சிப் பாத்திரத்துக்குச் சிவப்பு ஸ்பாஞ்ச், பால் பாத்திரத்துக்கு நீலம், இழுப்பறைகளிலும் அதே நிறத்தில் டேப். கிழிந்த டேப்பை மாற்றி ஒட்டுகிறவர், நம்மில் யாராவது கரண்டியை மாற்றிப் போட்டால் எடுத்துத் தனியாக வைக்கிறவர், லூத்தரன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டு வருஷமாக ‘விருந்தினர் உறுப்பினர்’, ஓட்டு கிடையாது.

தீர்மானத்துக்காகப் பேரவையை நவம்பர், பிப்ரவரி, மார்ச் என்று மூன்று முறை கூட்டினேன். 46 பேரில் 24 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வந்தவர்கள் 19, 21, 22. வராதவர்கள் அன்றிரவே குழுவில் ‘நம் அடையாளம் போய்விடும்’ என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதை அத்தனையும் படித்தேன், பதிலும் போட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை சபாத் விருந்து மேசையில் அவர்களில் மூன்று பேரைத்தான் இந்த வருஷம் பார்த்திருக்கிறேன், இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். கூரை ரிப்பேரில் கொஞ்சம் இடித்தது, விவரத்தைப் பொருளாளர் சொல்வார். சந்தா பாக்கி 17 பேர். அதில் 11 பேர் மூன்று கூட்டத்துக்கும் வராதவர்கள். விருந்தினர் உறுப்பினர் செப்டம்பரிலேயே முழுசாகக் கட்டிவிட்டார்.

அந்தப் பையனை நான் விடவில்லை. நாலு முறை கூப்பிட்ட பிறகு பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தான், கோட் பையில் கிண்ணத்தோடு. சூரியன் மறைய 18 நிமிஷம் இருக்கும்போது மெழுகுவர்த்தி ஏற்றினோம், சாப்பாட்டு நேரத்தில் கிடூஷைச் சொல்லச் சொன்னேன். நமக்குப் பழக்கமில்லாத ராகம், நடுவில் ஓரிடத்தில் மூச்சு வாங்க நின்றான், எல்லாரும் காத்திருந்து ஆமென் சொன்னோம். இப்போது அநேகமாக எல்லா வாரமும் வருகிறான். அடுத்த ரஷ்ஷில் சேர விண்ணப்பம் போடலாமா என்று என்னைக் கேட்டிருக்கிறான். இன்னும் பதில் சொல்லவில்லை.

நான்காவது கூட்டம் செப்டம்பர் முதல் ஞாயிறு, சாயங்காலம் 7 மணிக்கு, ரஷ்ஷுக்கு முன்பே. எதிர்த்து ஓட்டுப் போடுங்கள், தாராளமாக, ஆனால் நேரில் வந்து போடுங்கள். பாக்கிச் சந்தாவையும் அன்றே வாங்கிக்கொள்வதாகப் பொருளாளர் சொல்லியிருக்கிறார். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் கோப்புகளைச் சந்தோஷமாகக் கொடுக்கிறேன், வராவிட்டால் இன்னொரு வருஷம் நானே பார்க்கிறேன்.

தலைவர், பொருளாளர், ஹில்லெல் ஊழியர்கள், கூரைக்கு உதவிய முன்னாள் மாணவர்கள், சுக்காவை இரண்டாம் முறை கட்டியவர்கள் அனைவருக்கும் நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்